உறை கழற்றாத கருவி

இரண்டு வருடம் முன்பு, ஐப்பசி மழையில் தாம்பரம் மிதந்துகொண்டிருந்த ஒரு காலை. நான் மருத்துவக் கருவிகள் உருவாக்கும் பொறியாளர். பிறந்த குழந்தைகள் மூச்சுவிட உதவும் கருவி ஒன்றை, என் இளமையெல்லாம் கொட்டி, குறைந்த செலவில் செய்தேன். அது அரசு மருத்துவமனைகளுக்குப் போனது. அதற்காகவே என்னை ஓர் அரசு ஆலோசனைக் குழுவின் தலைவராக்கினார்கள். எந்த மேடை ஏறினாலும் அந்தக் கருவியைப் பற்றிப் பேசாமல் இறங்க மாட்டேன். அவ்வளவு பெருமை.

அன்று சேலையூரில் எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர், பக்கத்து அரசு மருத்துவமனையிலிருந்து போன் செய்தார். கூட்டங்களுக்கு என்னை அழைத்துப் போவது அவர்தான். "மேடம், எனக்கு பாப்பா பொறந்துகீது. மூச்சு வுட முடியலன்றாங்க. பெரியாஸ்பத்திரிக்கு இட்னு போவ சொல்றாங்க. உங்க மிஷின் இங்க இல்லியா?"

இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நடந்தே அந்த மருத்துவமனைக்குப் போனேன்.

பூட்டிய அறையில், பிளாஸ்டிக் உறைக்குள், வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். "ரிப்பேர் ஆச்சுன்னா நாங்கதான் மேடம் பதில் சொல்லணும். அதான் பத்திரமா வெச்சிருக்கோம்" என்றார் நர்ஸ். அவரைத் திட்ட வாய் வரவில்லை. நல்ல கப்புகளை நாமும் ஷோகேஸில்தானே வைக்கிறோம்.

பிளக்கைச் செருகினேன். பல மாதம் சார்ஜ் ஏற்றாததால் பேட்டரி செத்திருந்தது; அது இல்லாமல் கருவி கிளம்பாது. தட்டினேன், திறந்து பார்த்தேன். நான் செய்த கருவியை என்னாலேயே எழுப்ப முடியவில்லை. குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அது தண்ணீரில் ஊர்ந்து ஜி.எஸ்.டி. மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த மாதம் எனக்கு ஒரு பாராட்டு விழா. கூட்டிப் போனவரும் அந்த ஆட்டோக்காரரேதான். வழியில் நான் அழுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நீங்க இன்னா மேடம் பண்ணுவீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குழுவில் கத்தினேன். எல்லாரும் வருத்தப்பட்டார்கள். கருவிகளைப் பூட்டி வைக்கக்கூடாது என்று சுற்றறிக்கை போனது. போன மாதம் கேளம்பாக்கம் பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கேயும் உறையை விலக்கி, "பாத்தீங்களா மேடம், ஒரு கீறல் இல்ல" என்று சந்தோஷமாகக் காட்டினார்கள்.

கைபட்டு மங்கி, கீறல் விழுந்து, தேய்ந்துபோன என் கருவி ஒன்றைக் கண்ணால் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடுவேனோ என்பதுதான் இப்போது என் பயமெல்லாம்.