தொட்டியில் விட்ட மீன்

சாயப்பட்டறையின் கடைசித் தொட்டியருகே முதலாளி நின்றார். வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய அம்மா நின்றார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் நான் நின்றேன். என்னோடு வேலை செய்யும் மச்சான் நின்றான்.

பட்டறைத் தண்ணீர் இறங்கி எங்கள் தெருக் கிணறு சிவந்து மூன்று வருஷமாகிறது. எத்தனையோ தடவை முறையிட்டோம். "சுத்தம் பண்ற மிஷின் என்னா வெல தெரியுமாபா?" என்பார் முதலாளி. சுத்தமில்லாத பட்டறையில் வாங்கமாட்டோம் என்று அந்தக் கம்பெனி எழுதியது. ஒரே மாதத்தில் மிஷின் வந்தது.

மிஷின் சுத்தம் பண்ணிய தண்ணீரில் மீன் பிழைத்தால்தான் ஆர்டர் என்றார்கள். தாமல் ஏரியிலிருந்து இருபது கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து அந்தக் கடைசித் தொட்டியில் விட்டேன். ஒரு வாரம் நன்றாக நீந்தின. அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கார் தெருமுனை தாண்டியதும் முதலாளி மிஷினை நிறுத்தச் சொன்னார்.

"கெணறு இன்னும் செவப்பாத்தான் இருக்குது, மொதலாளி" என்றேன்.

"கரண்டு பில்லு நீ கட்றியா?"

"மீனுக்காக ஒரு வாரம் ஓட்னாங்க. நாம கெண்டையா பொறந்திருக்கணும் மாமா" என்றான் மச்சான்.

சாயத் தண்ணீர் அப்படியே தொட்டியில் இறங்கியது. மறுநாள் காலையில் மிதந்ததையெல்லாம் வாளியில் அள்ளி எண்ணினேன்.

இருபது.