எல்லாரும் வரலாம் என்று எழுதிய கூட்டம்

ஆராய்ச்சிக்காரர்களுக்குச் செய்தி அனுப்பும் வேலை, பதில் வராது என்று தெரிந்தே கடிதம் போடுகிற வேலை. காலி நாற்காலிகளைப் பார்த்து வணக்கம் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நாம் ஒரே கட்சி.

இலங்கையின் மலையகத்தை ஆராயும் ஒரு வட்டத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளர். தலவாக்கலையில் ஒரு அறை. பிரதேசச் செய்தி, கூட்ட அறிவிப்பு, அறிக்கைகளை வாராவாரம் இணையத்தில் ஏற்றி, அங்கத்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

தவறாத பதில்

ஒரு பேராசிரியரின் முகவரியிலிருந்து மட்டும் 'விடுமுறையில் இருக்கிறேன்' என்று தானாகப் பதில் வரும். யாரோடும் பேசாத வாரங்களில் அதையே இரண்டு தரம் வாசித்திருக்கிறேன். ஒருமுறை கண்டியில் அவரைக் கண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அடடா தம்பி, நான் லீவு முடிஞ்சு வந்து ஒரு வருஷமாச்சே."

பூட்டு

எங்கள் இணையப் பக்கத்துக்குக் கடவுச்சொல் உண்டு. அங்கத்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். உள்ளே நான் மட்டும் இருந்தேன். ஒருநாள் அதை எடுத்துவிட்டு, யாரும் வாசிக்கலாம், கூட்டங்களுக்கு எல்லாரும் வரலாம் என்று போட்டேன். கொழும்பிலிருந்து வட்டத்தின் செயலாளர் அம்மா போனில் கூப்பிட்டார். நான்கு மாதத்தில் எனக்கு வந்த முதல் அழைப்பு.

"கண்டவங்களும் வந்து உட்கார்ந்தா நாங்க மனசுவிட்டுப் பேசுறது எப்படி?"

ஹட்டன் மண்டபம்

மண்சரிவு பற்றிய கூட்டம். நல்ல மழை. பேச வேண்டியவர்களே வரவில்லை. நனைந்த குடையோடு ஒருவர் மட்டும் வந்தார். செல்வராணி, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், அங்கேயே லயம் எனும் வரிசை வீடுகளில் குடியிருக்கிறவர். அறிவிப்பை மகளின் போனில் பார்த்தாராம். "எங்க லயத்துச் சுவரு வெடிச்சிருக்குங்க. அதப் பத்தித்தானே பேசப்போறீங்க?"

வட்டத்தின் அறிக்கையை எடுத்து நானே வாசித்தேன். ஆட்கள் குடியிருக்கக் கூடாத லயங்களின் பட்டியலில் அவருடைய லயமும் இருந்தது. எப்போது எழுதியது என்று கேட்டார். முதல் பக்கத்தில் இருந்த, இரண்டு வருடத்துக்கு முந்திய தேதியைக் காட்டினேன்.

"ரெண்டு வருஷமா அதுக்குள்ளதான் புள்ளைங்களோட தூங்குறோம். யாருமே சொல்லலீங்களே."

நோர்வூட்

அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். லயத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்கும் கிராம சேவகரிடமும் போயிருக்கிறார். அலைந்து அலைந்து, எல்லாக் குடும்பமும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாறியது. அடுத்த பெருமழையில் லயத்தின் பின்சுவர் மண்ணோடு உள்ளே விழுந்தது. உள்ளே யாரும் இல்லை.

நான் போனபோது செல்வராணி மண்டபத்து மூலையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, எனக்கு யார் சமைக்கிறார்கள் என்று விசாரித்தார். நானேதான் என்றேன்.

"அங்க தனியாவா இருக்கீங்க? அப்ப ஞாயித்துக்கிழமையில இங்கிட்டு வந்துருங்க."

மூன்று வருடம் மடல் அனுப்பி நான் சேர்த்த வாசகர் ஒரே ஒருவர். அவருக்கும் மின்னஞ்சல் கிடையாது.