கட்டையில் இருந்த இன்னொரு நம்பர்

மண்ணெண்ணெயும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த ஒரு வாசனை... திண்டிவனத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த துப்பாக்கிக் கடையில், காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முகத்தில் அடிப்பது அதுதான். எனக்கு ரெஜிஸ்டர் எழுதும் வேலை. ரிப்பேர் முழுக்க அன்வர் பாய்.

மயிலம் பக்கத்து நர்ஸ் ரோஸ்மேரி அக்கா, இறந்துபோன தன் அப்பாவின் ரைஃபிளை எங்களிடம் ஒப்படைத்திருந்தார். அப்பா பட்டாளத்தில் இருந்தவர். லைசென்ஸ் அக்கா பெயருக்கு மாறும்வரை அது எங்கள் பாதுகாப்பில். மறைந்திருந்து வெகுதூரம் சுடுவதற்காக ராணுவத்துக்கென்று செய்த ரகம் என்று பாய் சொன்னார். இரும்பெல்லாம் துரு. அதைத் தேய்த்தெடுத்து, மறுபடி துருவேறாமல் இரும்பைக் கறுப்பாக்கும் மருந்து போட்டுப் புதிதுபோல ஆக்கிவைத்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது.

முதலாளி சென்னைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் இன்ஸ்பெக்ஷனுக்கு ஓர் எஸ்.ஐ. வந்தார். லைசென்ஸில் இருந்த நம்பர் 4417. ரைஃபிளின் இரும்பு உடம்பிலும், தோட்டாவை ஏற்றும் போல்ட்டிலும் அதே 4417. ஆனால் தோளில் அணைக்கும் கட்டையின் கழுத்தில் 19826 என்று அடித்திருந்தது.

எஸ்.ஐ. அந்த எண்ணை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"கட்டை பழசு. இதான் ஒரிஜினல் நம்பர். இரும்புல மருந்த போட்டு, நம்பரையும் நீயே அடிச்சிருக்க. நெஜத் துப்பாக்கிய எங்க தள்ளின?"

"துருவுக்குத்தான் சார் மருந்து போட்டேன். நம்பர தொடவே இல்ல..." என்றார் பாய்.

"ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

பாய் கையிலிருந்த துணியை மடித்து மேஜைமேல் வைத்தார். ரெஜிஸ்டரில் என் கையெழுத்தும் இருந்தது. ரைஃபிளை மறுபடி பார்த்தேன். இடது பக்கம், இரும்போடு சேர்ந்து இரண்டு தட்டையான மேடுகள், அவற்றில் திருகு ஓட்டைகள்.

"சார், இதுல ஏதோ மாட்டியிருந்திருக்காங்க. கட்டையில இருக்கிறது அதோட நம்பரா இருக்குமோ?"

"இருக்குமோன்னு ரிப்போர்ட் எழுத முடியுமாம்மா?"

ரோஸ்மேரி அக்காவின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, துப்பாக்கியோட அப்பா வேற எதனா வெச்சிருந்தாரா? குழாய் மாதிரி?"

"பீரோ மேல ஒரு தூரக்கண்ணாடி கெடக்குது பாப்பா. அது தனின்னு நெனச்சி விட்டுட்டேன்."

"ஜல்தியா எடுத்துக்கினு வாங்கக்கா. பாய போலீஸ்ல இட்டுக்கினு போறாங்க."

எஸ்.ஐ. வாட்ச்சைப் பார்த்தார். மணி மூன்று. "நாலு மணி வரைக்கும் பாக்குறேன்."

அக்கா வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு, கூட்டேரிப்பட்டில் பஸ் மாறி வரவேண்டும். பாய் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு கான்ஸ்டபிள். ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் நான் எட்டிப் பார்த்தேன். மூன்றரை... மூன்றே முக்கால்...

நாலுக்குச் சில நிமிஷம் இருக்கையில் நர்ஸ் உடையோடே அக்கா ஓடிவந்தார். டவலைப் பிரித்தார். குழாயின் மேல் 19826.

பாய் கண்ணை மூடிக்கொண்டார். எஸ்.ஐ. விடவில்லை. "இது இந்தத் துப்பாக்கியோடதுன்னு எப்படிம்மா சொல்றது?"

குழாயைத் தாங்கும் இரும்புப் பிடி துருவேறிக் கிடந்தது. எஸ்.ஐ.யே மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தார். முதலில் ஒரு கோடு தெரிந்தது. பிறகு இரண்டு நாலு. பிறகு முழுசாக, 4417.

பிடியைத் துப்பாக்கியின் மேடுகளில் வைத்துப் பார்த்தார். "கண்ணாடி நம்பர கட்டையில அடிச்சி, துப்பாக்கி நம்பர பிடியில அடிச்சிருக்கான் செஞ்சவன். ஜோடி மாறிடக் கூடாதுன்னு." ரெஜிஸ்டரில் கண்ணாடியையும் சேர்த்து எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அங்கே மொபைல் கடை. இன்றைக்கென்றால் போனில் நாலு போட்டோ எடுத்து அனுப்பினால், எந்த முத்திரை எதனுடையது என்று எங்கிருந்தோ ஒருவர் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அன்றைக்கு எங்களுக்கு வாய்த்தது ஒரு பஸ்ஸும் ஒரு மணி நேரமும்தான்.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பாயைப் பார்த்தேன். தாடி முழுக்க வெள்ளை. பக்கத்திலிருந்த மனைவியிடம், "இந்தப் பொண்ணு ஒருத்திதான் அன்னிக்கி என்னை நம்புச்சி" என்றார்.

சிரித்து வைத்தேன். 'நெஜத் துப்பாக்கிய எங்க தள்ளின' என்று எஸ்.ஐ. கேட்டதும், ஒரு நிமிஷம் நானும் பாயின் முகத்தைத்தான் திரும்பிப் பார்த்தேன்... அவர் என்ன பதில் சொல்லப் போகிறார் என்று.

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.