மதுமதி வரைந்த டிஃபரென்ஷியல்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற சாலையில் ராசப்பனின் கியர் பட்டறை இருக்கிறது. போர்வெல் லாரிகளுக்குப் பல்சக்கரம் வெட்டித் தரும் பட்டறை. முன்பக்கம், கண்ணாடித் தடுப்புக்கு இப்பால், பில் போடும் மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவருடைய மருமகள் மதுமதி.

அவள் மெக்கானிக்கல் படித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் கியர்பாக்ஸ் வடிவமைக்கும் பிரிவில் இருந்தாள். பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணு வேலைக்குப் போகட்டுமுங்க, எங்களுக்கு ஒரு தடையும் இல்லீங்க" என்று ராசப்பன் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கல்யாணத்துக்காக ஓசூர் வேலையை விட்டு வந்த புதிதில் ஊரெல்லாம் விருந்து. பிறகு மகன் பிறந்தான். அவன் நடக்கத் தொடங்கிய சமயத்தில் பட்டறைக் கணக்குப் பார்த்தவர் நின்றுவிட்டார். "நம்ம பட்டறை இருக்கையில ஊரான் கம்பெனிக்கு எதுக்கு அம்மிணி போவோணும்?" என்று மாமனார் வாஞ்சையாகக் கேட்டார். அந்த வீட்டில் ஒருவரும் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அதனாலேயே யாரிடம் கோபித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் மிஷின்கள் ஓடும். ஆண்கள் வேலை செய்கிற இடத்தில் மருமகள் போய் நிற்பது அழகில்லை என்பது வீட்டின் எண்ணம். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளும் போனதில்லை.

போன சித்திரையில் சந்தோஷ்குமார் என்பவன் வந்தான். போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்தடத்தில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவன். மதுமதியின் கணவன் கதிர்வேலிடம் தன் குறையைச் சொன்னான்.

"வளைவுல உள்பக்கத்து டயரு சும்மா சுத்துதுங்கண்ணா. அதுக்குள்ள முன்னால இருக்கறவன் போயிடறான். லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் போட்டாத்தான் ஆவும். வெளிநாட்டுச் சாமான் வாங்குனா காரு வெலையில பாதி ஆவுது. நீங்க செஞ்சு குடுப்பீங்களா?"

கதிர்வேல் விழித்தான். மேசையிலிருந்து மதுமதி நிமிர்ந்தாள்.

"என்ஜின் இழுவைய ரெண்டு பக்கத்துச் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கறதுதான் டிஃபரென்ஷியல். சாதா டிஃபரென்ஷியல், பிடிப்பில்லாத சக்கரத்தைச் சும்மா சுத்த விட்டுரும்ங்க. பிடிப்போட இருக்கற சக்கரத்துக்கு ஒண்ணும் போய்ச் சேராது. இவரு கேக்கறது, அந்தச் சக்கரத்துக்கும் இழுவை போய்ச் சேர்ற மாதிரி ஒண்ணு."

"உன்னால வரைய முடியுமா?" என்று கேட்டான் கதிர்வேல்.

"முடியும்ங்க" என்றாள். அதைச் சொன்னபோது தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது என்று பின்னால் ஒரு தோழியிடம் சொல்லியிருக்கிறாள்.

மகன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில், பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே வரைந்தாள். விலையை ஏற்றுவது எது என்று முதலில் பார்த்தாள். பல்சக்கரத்தைச் சூட்டில் இட்டுக் கடினமாக்கினால் கொஞ்சம் கோணும். அதைத் திரும்பவும் நுணுக்கமாகச் சாணை பிடிக்க வேண்டும். காசெல்லாம் அங்கேதான் போகிறது. ஆனால் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் இந்தச் சின்னப் பல்சக்கரங்கள் ஓயாமல் சுழல்பவை அல்லவே. கார் திரும்பும்போது மட்டும், அதுவும் மெதுவாகத்தான் ஒன்றின்மேல் ஒன்று உருளும். உரசலும் தேவைதான், பிடிப்புள்ள சக்கரத்துக்கு இழுவையைத் தள்ளுவதே அந்த உரசல்தான். அப்படியானால் சாணை எதற்கு? நம் மிஷினில் வெட்டி, கடினமாக்கி, தேய்ப்புப் பொடி போட்டு ஜோடி ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தினால் போதும். இதை உணர்ந்த அன்று அவள் எழுந்து நின்றுவிட்டாள். எழுந்து போக இடமில்லாததால் திரும்ப உட்கார்ந்தாள்.

முதலில் செய்தது உடைந்தது. பல்சக்கரங்கள் உட்காரும் குழிகளுக்கு நடுவே இருந்த மெல்லிய சுவர் விரிந்துவிட்டது. சந்தோஷ்குமார் எண்ணெய் வழிய அதைக் கொண்டுவந்து உள்ளே மேடைமேல் வைத்தான். மதுமதி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நடந்தாள். வேலையாட்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். கதிர்வேல் வேகமாகப் பக்கத்தில் வந்தான்.

"நீ சீட்டுக்குப் போ. நான் எடுத்தாந்து காட்டறேன்."

"இங்கயே பாக்கோணும்ங்க. மேடையில வெச்சு அளந்தாத்தான் எங்க விரிஞ்சதுன்னு தெரியும்."

அவள் நகரவில்லை. நான்கு ஜோடிப் பல்சக்கரங்களை நெருக்கி வைத்ததுதான் தவறு என்று கண்டாள். மூன்றாகக் குறைத்து, சுவரைத் தடிப்பாக்கினாள்.

அடுத்த வாரமே மாமனார் பட்டறையின் உட்புற மூலையில் அவளுக்கென்று ஓர் அறை தடுக்கச் சொன்னார். ஏசி வைத்து, நாலு பக்கமும் கண்ணாடி போட்ட அறை. "இனி நீ எதுக்கும் வெளியில வந்து நிக்க வேண்டாம் சாமி. இருந்த எடத்துல இருந்தே பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் செய்தார். அவளும் நன்றி சொன்னாள்.

இரண்டாவதாகச் செய்தது உடையாமல் தாங்கியது. கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயம் வைத்த ஞாயிற்றுக்கிழமையில் பரமத்தி வேலூரில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியாது. பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றபோது கதிர்வேல் போனைக் கொண்டுவந்து நீட்டினான். திரையில் மண் பறக்க சந்தோஷ்குமாரின் கார் வளைவை அறுத்துக்கொண்டு போயிற்று. இரண்டாம் பரிசு. "எங்கூட்டு மருமக வரைஞ்சது" என்று ராசப்பன் பந்தி முழுக்கக் காட்டினார். எல்லோரும் பார்த்து முடித்தபின் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் இன்னொரு தரம் பார்த்தாள்.

அந்தப் பந்தயத்தைப் பார்த்த சென்னைக் கார்ப் பந்தயக் குழு ஒன்று அவளை அழைத்தது. கியர்பாக்ஸ் வடிவமைப்புக்குத் தலைமை வேலை. சாப்பிடும்போது வீட்டில் சொன்னாள்.

"ரொம்பச் சந்தோசம் அம்மிணி" என்றார் ராசப்பன். "நாம எதுக்கு அங்க போவோணும்? அவுங்கள இங்க ஆர்டர் குடுக்கச் சொல்லு. உனக்கு என்ன மிஷின் வேணுமோ கேளு, வாங்கிப் போட்டர்றேன்."

மாமியார் இன்னொரு கரண்டி தயிர் போட்டாள்.

படுக்கையறைக்கு வந்ததும் கணவனிடம் கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

கதிர்வேல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "நீ போறதுன்னா நான் தடுக்க மாட்டேன் மது. ஆனா நான் வர முடியாது. அப்பாவத் தனியா உட்டுட்டு எப்படி வாரது? பையன் இங்கதான் இருப்பான்."

அவன் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னான். இரண்டு நாள் கழித்து, வர இயலாது என்று அவளே சென்னைக்குப் போன் செய்தாள்.

சந்தோஷ்குமாருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு காலையில் காரோடு வந்து, "நீங்க செஞ்சத நீங்களே ஓட்டிப் பாக்கலீன்னா எப்படிங்கக்கா?" என்றான். கதிர்வேலும் மகனும்கூட வர, வற்றிக் கிடந்த ஏரிக்குப் போனார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்தாள். முதல் வளைவில் பயந்தாள். அடுத்ததில் ஆக்சிலேட்டரை அழுத்தியே திருப்பினாள். ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுத்தது. உள்சக்கரம் வீணாகச் சுற்றவில்லை. முன்மூக்கு பார்த்த திசைக்குக் கார் தாவியது. இவ்வளவு நாள் எண்ணாகவும் கோடாகவும் தெரிந்தது உள்ளங்கையில் துடித்தது. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஏரியின் மறுகரையில் தார்ச்சாலை தெரிந்தது. திருப்பாமல் நேரே போனால் என்ன என்று தோன்றியது. தோன்றியவுடன் திருப்பிவிட்டாள். கார் மிக அருமையாகத் திரும்பியது. இறங்கியதும் மகன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான்.

இப்போது பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் டிஃபரென்ஷியல் கேட்கிறார்கள். புது மிஷின் வந்துவிட்டது. அவள் ஒருநாள் வராவிட்டால் வேலை நின்றுவிடுகிறது. அதனால் அம்மா வீட்டுக்குப் போவதும் குறைந்துவிட்டது. ராசப்பன் பட்டறையின் பெயரையே மாற்றிவிட்டார். போன மாதம் வாசலில் சாரம் கட்டி, 'மதுமதி கியர்ஸ்' என்று சிவப்பில் எழுதினார்கள். தெருவே நின்று பார்த்தது. கதிர்வேலின் கண் கலங்கியிருந்தது.

பெயிண்டர் மேலிருந்து குனிந்து கேட்டார். "எழுத்து இம்முட்டுப் போதுமுங்களா? இன்னும் பெருசாப் போடட்டுங்களா?"

"போதும்ங்க" என்று சொல்லிவிட்டு மதுமதி உள்ளே, தன் கண்ணாடி அறைக்குப் போனாள்.