யாரு வூட்டுப் பாப்பா இது

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று எங்கள் தெருவுக்கு முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான். அவருக்கு அரக்கோணத்தில் வேலை. காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் வருகிற ஆள். ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, போனில் செய்தி கிடைத்துவிடும்.

"வடக்க இருந்து கும்பல் எறங்கிகீதாம். போர்வை விக்கிறாப்ல வருவாங்களாம்" என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். கூடவே ஒரு குரல் பதிவும் வரும். யாரோ ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு, "தயவுசெஞ்சு கொழந்தைங்கள வெளிய விடாதீங்க" என்று அழுகிற குரல். அவள் யார், எந்த ஊர், அவள் குழந்தைக்கு என்ன ஆயிற்று, எதுவும் தெரியாது. முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். இரண்டாம் தடவை எழுந்துபோய்க் கதவைத் தாழ்போட்டேன். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போதும் காதில் ஓடும்.

ஒரு வாரத்தில் எங்கள் தெரு மாறிப்போனது. வெயில் தாழ்ந்ததும் கூச்சலும் சண்டையுமாக இருக்கிற தெருவில் ஒரு பிள்ளை இல்லை. எல்லா ஜன்னலிலும் பிள்ளைகளின் முகம் மட்டும் தெரியும். சைக்கிளில் பாய் விற்கிறவர் வருவதை நிறுத்திவிட்டார். தானாகப் பேசிக்கொண்டு பஸ் நிலையத்தைச் சுற்றி வருகிற ஒரு கிழவர் உண்டு. அவரையும் காணவில்லை. யாரோ அடித்து விரட்டிவிட்டார்கள் என்றார்கள். யார் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

பயந்தால் மட்டும் போதுமா? தெருப் பெண்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரகசிய வார்த்தை. யாராவது வந்து "உங்கம்மா கூப்புடுறாங்க, வா" என்றால் பிள்ளை அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும். சொல்லத் தெரியாத ஆளோடு போகக் கூடாது. என் பெண்ணுக்கு அப்போது மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. அவளே தேர்ந்தெடுத்த வார்த்தை கத்திரிக்காய். வீட்டுக்கு வருகிற பால்காரரிடம்கூட "கத்திரிக்கா சொல்லு" என்று இடுப்பில் கை வைத்து நிற்பாள். மூளைக்காரி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மொட்டை போட வேண்டியிருந்தது. முந்தின வருஷம் காய்ச்சலில் அவள் கிடந்த கிடைக்கு நான் எங்கள் திருத்தணி மலைக்கு வேண்டிக்கொண்டது. கிருத்திகை அன்றைக்கு வேண்டாம், கூட்டம் அள்ளும் என்று நான் சொன்னேன். "கிருத்திகைக்குப் போடறதுதான் விசேஷம்" என்றார் வீட்டுக்காரர். பிள்ளை பிடிக்கிறவர்கள் மலைக்கு வரமாட்டார்களா என்று கேட்டேன். "சாமி எடத்துல எவன் கை வைப்பான்?" என்றார். போனில் அப்படி ஒரு செய்தி வரவில்லை போலிருக்கிறது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்குவது எங்கள் வழக்கம். என் அண்ணன் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறான். தறியை நிறுத்தினால் கூலி நிற்கும் என்று நாள் கிழமைக்கு மட்டும்தான் வருவான். என் பெண்ணை அவன் பார்ப்பதே வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான். ஆனால் உயிரை வைத்திருந்தான். முதல் பஸ்ஸில் வந்து, மலை மேல் கடையில் அவளுக்கு ஒரு மஞ்சள் கவுன் வாங்கி வைத்திருந்தான். அன்றைக்கு மலையில் பாதிப் பிள்ளைகள் அதே கவுனில்தான் இருந்தன.

முடி இறக்கும் மண்டபத்தில் பம்பைச் சத்தத்தில் காது அடைத்தது. அண்ணன் மடியில் அவள் அசையாமல் இருந்தாள். இடுப்பு வரை தொங்கிய முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. குளிப்பாட்டி, கவுன் போட்டு, நான் அவள் தலையில் சந்தனத்தைப் பூசி முன்னால் நிறுத்தியபோது எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன்தான் ஆரம்பித்தான். "அய்ய, யாரு வூட்டுப் பாப்பா இது? எங்க பாப்பா எங்கப்பா?" முடி இறக்கினவரும் சேர்ந்துகொண்டார். வீட்டுக்காரர், "நம்ம பாப்பா இல்லமா இது, வா நாம தேடுவோம்" என்று இரண்டடி நடந்தே காட்டினார். மொட்டை போட்ட பிள்ளையை இப்படிக் கேலி செய்யாத வீடு உண்டா? நானும் கன்னத்தில் கை வைத்து, "ஆங், எனக்கும் தெரியலியே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கையைத் தூக்கித் தன் தலையைத் தடவிப் பார்த்தாள்.

நெற்றியில் வழிந்த சந்தனம் கண்ணில் இறங்கிவிட்டது. அண்ணன் அவள் தலைமேல் துண்டைப் போட்டு, முகம் கழுவக் குழாயடிக்கு அழைத்துப் போனான். வீட்டுக்காரர் அர்ச்சனைத் தட்டு வாங்கக் கிளம்பினார். நான் ஈரத்துணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். மைக்கில் காலையிலிருந்து வருகிற மாதிரியே இன்னொரு அறிவிப்பு வந்தது. "மஞ்சள் உடை அணிந்த, மொட்டை அடித்த, மூன்று வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை காணவில்லை." சுற்றி இருந்த தாய்மார்கள் எல்லோரும் சட்டென்று தங்கள் பிள்ளையை இழுத்துப் பிடித்ததைப் பார்த்தேன். பாவம், யார் பெத்ததோ என்று நினைத்தேன். அதற்குள் அண்ணன் வந்து பிள்ளையை என் தோளில் சாய்த்தான்.

"கண்ண மூடிகினே கீது. எரியுது போல. அப்டியே தூங்கட்டும்" என்றான்.

துண்டு மூடிய தலை என் கழுத்தில் புதைந்திருந்தது. இருவருமாகத் தரிசன வரிசைக்கு நடந்தோம்.

கொஞ்ச தூரத்திலேயே எனக்கு ஏதோ சரியில்லை. பிள்ளை லேசாக இருந்தாள். அண்ணனிடம் சொன்னேன். "அவ்ளோ முடி போச்சில்ல. கனம் கொறையத்தான் செய்யும்" என்று சிரித்தான். வாசனையும் வேறாக இருந்தது. சந்தனம்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு அந்தக் கை. என் பெண் தோளில் ஏறினால் என் காதுத் தோட்டைத் திருகுவாள், வலிக்க வலிக்கத் திருகுவாள். இந்தக் கை என் தாலிச்சரட்டைப் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டிருந்தது. வெகுநாள் பழகிய கை மாதிரி உருட்டியது. துண்டை விலக்கிப் பார்த்திருக்கலாம். தோளில் இருப்பது என் பிள்ளைதானா என்று எந்தத் தாய் விலக்கிப் பார்ப்பாள்? செல்லப்பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தூங்கிவிட்டாள் என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

அப்போது எங்களுக்குப் பின்னால், குழாயடிப் பக்கம், கூச்சல் எழுந்தது. "புடிச்சிட்டாங்க, பிள்ளை புடிக்கிறவள புடிச்சிட்டாங்க" என்று ஓடினார்கள். வரிசையே கலைந்து அந்தப் பக்கம் சாய்ந்தது. நானும்தான் போனேன். பார்க்க வேண்டும் என்றிருந்தது. அந்தக் குரல் பதிவில் அழுதவளுக்காகவும் சேர்த்து ஒரு அறை கொடுக்க வேண்டும் என்றுகூட இருந்தது. நான் கோபக்காரி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். ரவிக்கைக் கை கிழிந்திருந்தது, வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம். "நா பாப்ப! நா பாப்ப எக்கட?" என்று கத்தினாள். என் பாப்பா எங்கே என்று கேட்கிறாள். எங்கள் நைனா வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்குதான், எனக்குப் புரிந்தது. ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் அது யாருக்குப் புரியாது? ஆனாலும் ஒருவன், "பாரு, ஆந்திராவுல இருந்து வந்து தூக்குறாளுங்க" என்று அவள் முடியைப் பிடித்து இழுத்தான். "பாப்பாகிட்ட கேட்டோம்ல, இவ அம்மா இல்லன்னு தலையாட்டுச்சே" என்றாள் இன்னொருத்தி.

அந்தப் பிள்ளை என் கண்ணில் படவில்லை. முன்னால் நின்றவர்கள் மறைத்தார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே இரண்டு சின்னக் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை ஏற்றி வைத்து நின்றன.

என் பெண் அப்படித்தான் நிற்பாள். பிறந்து நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். என் பிள்ளை என் தோளில் இருக்கிறாள், அங்கே நிற்பது யாருடைய கால் என்று யோசித்தேன். நிஜமாகவே அப்படி யோசித்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிள்ளை இரண்டாக இருந்தது. இன்றைக்கும் சில நாள் அந்த நிமிஷம் திரும்பி வருகிறது, வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

"நா பாப்ப!" என்று அவள் மறுபடி கத்தினாள். என் தோளில் இருந்த தலை நிமிர்ந்தது. துண்டு நழுவியது. முன்பின் பார்த்திராத ஒரு முகம், மிக அருகில், சந்தனம் காய்ந்த இமைகளைத் திறந்து என்னைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அது வீறிட்டது. "அம்மா!"

"அடிக்காதீங்க! அவ பாப்பா எங்கிட்ட கீது!" என்று நான் கத்தினேன். தெலுங்கிலும் கத்தினேன்.

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. பம்பை மட்டும் எங்கோ அடித்துக்கொண்டிருந்தது. என் தோளில் ஒரு பிள்ளை, என்னை உதைத்துக்கொண்டு வேறொருத்தியை அம்மா என்று அழுகிறது. அவளை அடித்ததற்கு என்ன காரணம் இருந்ததோ அது அத்தனையும் எனக்கும் இருந்தது. ஆனால் என்னை ஒரு கை தொடவில்லை. நான் உள்ளூர்க்காரி, பக்கத்தில் அண்ணன், வாயில் தமிழ். "அய்யோ, மாறிப்போச்சாம்மா" என்று ஒருத்தி என்னைத் தாங்கிக்கூடப் பிடித்தாள். மண்டியிட்டிருந்தவளைத் தூக்கிவிட ஒருத்தரும் குனியவில்லை.

கூட்டம் விலகியதில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, மறு கையில் போன். படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் போன் முழுக்க எங்கள் பெண் இருந்தாள். அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார், யாரோ பிள்ளை என்று பார்த்திருக்கிறார்.

"நம்ம பாப்பாவா அது?" என்று என்னைக் கேட்டார்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். குழாயடி நெரிசலில் கை விட்டுப்போக, துண்டு போர்த்திய மஞ்சள் கவுன் என்று இவன் ஒன்றைத் தூக்கினான், துணி பிழிந்துவிட்டுத் திரும்பிய அவள் ஒன்றைத் தூக்கினாள். நடந்தது அவ்வளவுதான். முகத்தைப் பார்த்ததும் அவள் அலறியிருக்கிறாள். அலறினதற்குத்தான் அடி.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தன் பிள்ளையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேற்ற வந்த அவள் மனிதர்களோடு படி இறங்கும் முன் மட்டும் ஒரு தடவை திரும்பினாள். "மீ பாப்ப அஸ்ஸலு ஏடவலேதம்மா" என்றாள். உங்கள் பாப்பா அழவே இல்லையம்மா. நன்றியா, குற்றமா, எனக்குப் புரியவில்லை. பயந்துபோய்ச் சொன்னது மாதிரி இருந்தது.

அது என்னைத் தின்றது. ஊசி போட்டால் தெருவைக் கூட்டுகிறவள், அத்தனை அடிதடிக்கு நடுவில் ஏன் அழவில்லை? கேட்டால் சொல்லமாட்டாள். தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள். வீட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் பேசினாள். நான் கூப்பிட்டால் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்ல வருவாள். பயந்திருக்கிறாள் என்று மந்திரித்தோம், கயிறு கட்டினோம்.

வீட்டுக்காரர் தான் எடுத்ததை அழித்துவிட்டார். எடுத்தவர் அவர் ஒருவரா என்ன? பல நாள் கழித்து, எங்கள் தெருப் பெண்களின் குழுவுக்கே அது வந்து சேர்ந்தது. திருத்தணி மலையில் பிடிபட்ட கும்பல் என்று மேலே எழுதியிருந்தது. அவள் கத்தியது கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அந்தப் பழைய குரலை ஒட்டியிருந்தார்கள். "தயவுசெஞ்சு கொழந்தைங்கள வெளிய விடாதீங்க." நடுவில் என் பெண் ஒரு காலின் மேல் மறு காலை வைத்து, உலர்ந்த கண்ணோடு நிற்கிறாள்.

பட்டப்பகல். நான் வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது.

"இது நானு" என்றாள்.

"ஆங், நீதான். அவங்க ஆருன்னே தெரியாதே, ஏன் போன? கத்திரிக்கா கேக்கலியா?"

"அவங்க அம்மா கூப்புடுறாங்கன்னு சொல்லலியே. சும்மாதான் தூக்கினாங்க."

"தூக்கினா அழவேணாவா? அம்மான்னு கத்தவேணாவா?"

"நீ போயிகினு இருந்தே. நான் பாத்தேன். அந்தப் பாப்பாவ தூக்கிகினு போனே."

"அது நீன்னு நெனச்சேன்டி கண்ணு" என்றேன்.

அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. "நீங்க எல்லாரும்தானே சொன்னீங்க, நான் உங்க பாப்பா இல்லன்னு. மாமா சொன்னாரு. அப்பா சொன்னாரு. நீயும் சொன்னே. அதான் அந்தப் பாப்பாவோட அம்மாகிட்ட நான் போயிட்டேன்."

போனில் அந்தக் குரல் திரும்பவும் முதலிலிருந்து அழ ஆரம்பித்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. எள்ளு தூவின மாதிரி முடி முளைத்திருந்த தன் தலையை இரண்டு கையாலும் தடவிக்கொண்டு, என்னிடம் கேட்டாள்.

"இப்ப இவ்ளோ வளந்துச்சே. போதுமா?"