இன்னும் இரண்டு சதம் இறங்கட்டும்

காசு மாற்றுகிற கடையில் வேலை செய்தால் ஒன்று நிச்சயம்: விலைப்பலகையில் இருக்கிற எண்ணை, விடியக்காலமை பல் விளக்கும்போது நான்தான் யோசித்து முடிவு செய்கிறேன் என்று வருகிற எல்லாரும் நம்புவார்கள்.

எங்கள் கடை கனடாவில், புரோசார்டில், அமெரிக்க எல்லைக்குப் போகிற பெருந்தெருவுக்குக் கிட்ட இருக்கிறது. பனி உருகத் தொடங்கினால் ட்ரெய்லர்காரர் வருவார்கள். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு இருக்கிறதே, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்தது, அதைத்தான் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தெடுக்க நிறைய இருக்கும், விலையும் கொஞ்சம் சகாயம். ஆனால் விலை அமெரிக்க டொலரில், சம்பளம் கனடா டொலரில்; அவர்களுடைய ஒரு டொலருக்கு எங்களுடையதில் கிட்டத்தட்ட ஒரு டொலர் நாற்பது சதம் போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில், கண்ணாடிக்குப் பின்னால் கதிரை போட்டு நான் இருக்கிறேன். உங்களில் எத்தனை பேர் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று பல்லைக் கடித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருடம் வெளியே நின்றவர்களில் நானும் ஒருத்தி. என் கணவர் ரூபன் வடக்கே தெருப் போடுகிற வேலைக்குப் போகிறவர். வைகாசியில் போனால் ஐப்பசியில்தான் வருவார். கொம்பனி கொடுக்கிற அறையில் ஒரு கட்டில்தான். சொந்த ட்ரெய்லர் இருந்தால் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, நானும் மகள் ஆரணியும் கோடை முழுக்க அவரோடு இருக்கலாம். ஆரணிக்கு நாலு வயது. ஆவணி முடியப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எங்கேயும் மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டு போக ஏலாது. ஆகவே இந்தக் கோடை ஒன்றுதான். நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வயதானவரிடம் பன்னிரண்டாயிரம் அமெரிக்க டொலருக்கு ஒன்று பார்த்தோம். ஆயிரம் முற்பணம் கட்டினோம். மிச்சம் பதினோராயிரத்துக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள், தவணை தந்தார்.

போனில் ஒரு விலை

முற்பணம் கட்டிய கிழமைதான் கர்க்லாண்டில் இருந்து ஒரு அண்ணை வந்தார். அவரும் ட்ரெய்லர்காரர்தான். போனைத் தூக்கிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். "தங்கச்சி, இஞ்சை ஒண்டு முப்பத்தேழு எண்டு கிடக்கு. நீங்கள் ஒண்டு நாப்பது எண்டு போட்டிருக்கிறியள். மூண்டு சதம் ஆற்றை பொக்கற்றுக்கை போகுது?"

போனில் தெரிவது பெரிய வங்கிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்குகிற விலை அண்ணை, கடையில் வாங்கினால் வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் அதில் ஏறும் என்று வடிவாக விளங்கப்படுத்தினேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தசமக் கணக்கு எனக்கு நன்றாக வரும். அதனால் தாளில் எழுதியும் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், தலையும் ஆட்டினார். பிறகு போனைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற இடுக்கால் உள்ளே தள்ளிவிட்டார்.

"ஓம் பிள்ளை, விளங்குது. அப்ப இந்தப் போனை வைச்சுக்கொண்டு போன் சொல்லுற விலைக்குத் தாங்கோ."

வாத்து

டொலர் என்றால் டொலர்தானே என்று வருகிறவர்களும் உண்டு. இளம் தம்பதி ஒன்று, இருபதாயிரம் டொலர் ட்ரெய்லருக்கு இருபதாயிரம் கனடா டொலர் கொண்டுவந்தார்கள். இன்னும் எட்டாயிரம் வேண்டும், அதோடு எல்லையைத் தாண்டும்போது கனடா விலைக்குக் கணக்குப் பார்த்து வரியும் கட்ட வேண்டும் என்றேன். பெடியன் பெட்டையைப் பார்த்தான். பெட்டை கைப்பையைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், வீட்டுக்குள் வந்த கள்ளனைப் பார்ப்பதுபோல.

பக்கத்துக் கதிரையில் சில்வி. இருபது வருடமாக இந்தக் கடையில் இருக்கிறவள், சிரிக்காமல் பகிடி விடுகிற மனிசி. இரண்டு நாட்டு ஒரு டொலரையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் அவர்கள் முன்னால் வைத்தாள்.

"அவர்களுடைய டொலரில் ஒரு ஜனாதிபதி இருக்கிறார், எங்களுடையதில் ஒரு வாத்து நீந்துகிறது; வித்தியாசம் அவ்வளவுதான்."

ஒரு நாள் வாடகை

நாங்கள் விற்கிற விலை வேறு, வாங்குகிற விலை வேறு. பலகையில் இரண்டும் இருக்கும். ஆனால் ஆட்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும்தான் பார்ப்பார்கள். சென்னைக்காரத் தம்பி ஒருவர், கணினி வேலை, ஒன்பதாயிரம் அமெரிக்க டொலர் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் மத்தியானம் அதே கட்டோடு திரும்பி வந்தார். அவர் போய்ச் சேரும் முன்னமே ட்ரெய்லர் வேறு ஆளுக்கு விலைப்பட்டுவிட்டதாம்.

ஒன்று நாற்பதுக்கு வாங்கினதை ஒன்று முப்பத்துநாலுக்குத்தான் எடுப்போம் என்றேன். ஐந்நூற்று நாற்பது டொலர் நட்டம். காசுக் கட்டைச் சுற்றின ரப்பர்கூட நான் நேற்றுப் போட்டதுதான், கழற்றவேயில்லை. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஒரு நைட்டு என் பீரோவுல தூங்குன பணத்துக்கு நான் உங்களுக்கு வாடகை கட்டணுமா, மேடம்?"

லொங்குய்ய் ஐயா

லொங்குய்யில் இருந்து பஸ் பிடித்து ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு பிரெஞ்சுக்கார ஐயா வருவார். காசு மாற்ற மாட்டார். பலகையைப் பார்த்து, சட்டைப் பையில் இருக்கிற சின்னக் கொப்பியில் விலையை எழுதிக்கொண்டு, "மெர்சி, மதாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். மனைவிக்குக் கடற்கரைப் பக்கம் போய் இருக்க ஆசையாம், ட்ரெய்லர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், விலை கொஞ்சம் இறங்கட்டும் என்று பார்க்கிறாராம். இப்படி ஏழு மாதம்.

எங்கள் தவணையின் இரண்டாம் கிழமை, புதன்கிழமை, விலை ஒன்று முப்பத்தொன்பதுக்கு இறங்கியது. நான் அவருக்காகக் காத்திருந்தேன். கதவைத் திறந்தவுடனேயே, "மொசியூ, இன்றைக்கு நல்ல விலை, மாற்றுங்கள்" என்றேன். அவர் வழக்கம்போலக் கொப்பியை எடுத்தார், எழுதினார், தேதியும் போட்டார்.

"இனித் தேவையில்லை, மதாம். அவளால் இப்போது ட்ரெய்லரின் மூன்று படிகூட ஏற முடியாது. பழக்கத்தில் வந்துவிட்டேன்."

வெள்ளிக்கிழமை

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது வேறு யோசனை. விலை இறங்குகிறது, இன்னும் இறங்கும். கடையில் வேலை செய்கிறபடியால் முதலாளி எனக்கு ஒரு சதம் குறைத்துத்தான் தருவார். முற்பணத்துக்கு ஒன்று முப்பத்தொன்பதுக்கு வாங்கியிருந்தேன். மிச்சத்தை ஒன்று முப்பத்தேழுக்கு வாங்கினால் இருநூற்றிருபது டொலர் மிச்சம். ட்ரெய்லருக்குத் திரைச்சீலையும் பிள்ளைக்கு ஒரு சின்னச் சைக்கிளும் வாங்கலாம் என்று மனதுக்குள் வாங்கியும்விட்டேன். வீட்டில் இவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் கேட்பார், "மாத்திப்போட்டியோ?" நான் சொல்வேன், "பொறுங்கோ, இன்னும் இரண்டு சதம் இறங்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை பலகையில் ஒன்று முப்பத்தெட்டு. எனக்கு ஒன்று முப்பத்தேழு, கேட்டது கேட்டபடி. சில்வி படிவத்தை எடுத்துப் பேனையையும் திறந்துவிட்டாள். நான்தான் தடுத்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் காசு வெளியே போகாது. அம்மா வீட்டிலும் அப்படித்தான், இங்கே வந்தும் அப்படித்தான். வெள்ளியில் வாடகைக் காசுகூடக் கொடுத்ததில்லை, வியாழனே கொடுத்துவிடுவேன். புது வீடு மாதிரி ஒரு சாமான் வாங்கும்போது அந்த வழக்கத்தை முறிக்க மனம் வரவில்லை. தவணை முடியவில்லைத்தானே, திங்கள் மாற்றலாம் என்றேன். சில்வி என்னைப் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள்.

"ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்களின் காசை நாள் முழுக்க வெளியே கொடுக்கிறாய், அது எந்தச் சாமிக்குச் சம்மதம்?"

திங்கட்கிழமை

சனி ஞாயிறில் அமெரிக்காவில் வரி பற்றி ஏதோ கதை எழும்பியது. திங்கள் காலை பலகையில் ஒன்று நாற்பத்திரண்டு. எனக்கு ஒன்று நாற்பத்தொன்று. வெள்ளிக்கிழமையை விட நானூற்று நாற்பது டொலர் கூட. கட்டியிருக்கலாம். வங்கியில் அவ்வளவும் இருந்தது. ஆனால் காசு மாற்றுகிற கடையில் இருக்கிறவள், அதுவும் வெள்ளிக்கிழமை விலையைக் கண்ணால் கண்டவள், நானூறு டொலர் கூடக் கொடுத்து வாங்குவதா? எனக்கு மானப் பிரச்சினை. ஏறினது இறங்கும் என்று, வாடிக்கையாளர்கள் சொன்னால் நானே சிரிக்கிற அதே வார்த்தையை இவருக்குச் சொன்னேன்.

செவ்வாய் ஒன்று நாற்பத்துமூன்று. வியாழன் ஒன்று நாற்பத்துநாலு. அந்த வயதானவருக்குப் போன் எடுத்து இன்னும் ஒரு கிழமை தவணை கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அடுத்த புதன் அவரே எடுத்தார். முழுக்காசோடு ஒருத்தர் வந்து, வண்டியில் கொழுவிக்கொண்டு போய்விட்டாராம். முற்பணத்தை முழுதாகத் திருப்பி அனுப்புகிறேன் என்றார், நல்ல மனிசன். ஏன் இழுத்தடித்தீர்கள் என்று கேட்டார். நானும் ஒளிக்காமல், நாணய விலை ஏறி, சனி ஞாயிறுக்குள் நானூறு டொலர் கூடிவிட்டது, இறங்கும்வரை பார்த்தேன் என்று சொன்னேன்.

"என்னிடம் குறைக்கச் சொல்லி நீங்கள் ஒரு தரமும் கேட்கவில்லையே; கேட்டிருந்தால் ஐந்நூறு குறைத்திருப்பேன்."

புறப்படுகிற நாள்

வேறு ட்ரெய்லர் தேடினோம். தேடவில்லை என்று நினைக்காதீர்கள். கோடை கிட்ட வரவர அங்கே விலை கூடியது. இங்கே பலகை ஒன்று நாற்பத்தாறு காட்டியது. கைக்கெட்டின ஒன்றைப் போய்ப் பார்த்தோம். கூரை ஒழுகி, உள்ளே பலகையெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது. வைகாசி நடுவில் இவருக்கு வேலை தொடங்கிவிட்டது.

விடியக் காலமை பிக்கப்பில் பையை ஏற்றினார். பின்னால் ட்ரெய்லர் கொழுவுகிறதுக்கென்று பங்குனியிலேயே காசு கொடுத்துப் பூட்டின கொக்கி பளபளவென்று இருந்தது. ஆரணி அதில் ஏறி நின்று, "பப்பா, மெஸோன் எங்கே?" என்று கேட்டாள். வீடு எங்கே என்கிறாள். நாங்கள்தான் அவளுக்குப் படம் காட்டி, உன் கட்டில் இது, சன்னல் இது என்று சொல்லி வைத்திருந்தோம். இவர் அவளை இறக்கிவிட்டார். என்னை ஏசவில்லை. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வண்டியை எடுக்கும்போது மட்டும் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்.

"நான் வாற நாளையும் உன்ரை பலகையிலை எழுதிவிடு. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கட்டும்."

பத்து டொலர்

அடுத்த கிழமை முற்பணம் தபாலில் வந்தது, ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மணி ஓர்டர். எங்கள் காசை நாங்களே மாற்றக் கூடாது என்பது கடைச் சட்டம். அதனால் வரிசையில் நின்று, சில்வியின் கண்ணாடிக்கு முன்னால் போனேன். இந்த முறைதான் அந்தப் பக்கத்தில் நின்று பலகையை நிதானமாகப் பார்த்தேன். எண்ணெல்லாம் அங்கேயிருந்து பார்க்கப் பெரிதாகத்தான் தெரிகிறது.

நாங்கள் வாங்குகிற விலை அன்றைக்கு ஒன்று நாற்பது. ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு கொடுத்து வாங்கின டொலர், ஆயிரத்து நானூறாகத் திரும்பி வந்தது. சில்வி தாள்களை எண்ணி வைத்தாள். கடைசிப் பத்து டொலர்த் தாளை மட்டும் தனியாக மேலே வைத்து, விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"இது உன் லாபம். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான், ஆனால் காசு உள்ளே வரலாம்தானே?"

ஆக, இந்தத் தொழிலில் நான் சொந்தமாகச் செய்த ஒரேயொரு கொடுக்கல் வாங்கலில் பத்து டொலர் லாபம் பார்த்திருக்கிறேன். செலவு ஒரு கோடை மட்டும்தான்.