ஒரு மணிக்கு விடும் பாடம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கல்லூரியில் இத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும் எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை, சர்க்குலர் நோட்டோடு வாசலில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். டிகிரியைப் பற்றி நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். புதிதாக அலுவலக உதவியாளர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று எங்கள் சங்க மலருக்காகக் கேட்டார்கள். முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாததால் எழுதுகிறேன்.

1. பெல்

எண்பதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு ஊர் அயனம்பாக்கம். ஏரிக்கரை வழியாக சைக்கிளில் வந்தால் கல்லூரிக்கு அரை மணி நேரம். முதல் நாள் சூப்பரின்டெண்ட் இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று பெல் அடிப்பது. போர்டிகோவில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். அது எனக்குப் பிடித்தது. இன்னொன்று, அட்மிஷன் நேரத்தில் பிரின்சிபால் அறை வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது. அதுதான் வரவில்லை. எனக்குக் கூட்டத்தைப் பார்த்தால் சத்தமே வராது. முதல் நாளே மூன்று பேர் தங்கள் பெயர் காதில் விழாமல் வரிசையைத் தவறவிட்டார்கள். "இன்னா நைனா, ரகசியமா சொல்லிகினு கீற?" என்று கேன்டீன் மாஸ்டர் வருடம் முழுவதும் கேட்டார்.

பெல் அடிப்பவனுக்கு ஒரு விஷயம் தானாகத் தெரிந்துவிடும். எந்தத் துறை எத்தனை மணிக்கு வகுப்பை விடுகிறது, எந்த ஆசிரியர் பெல்லுக்கு முன்பே சாக்பீஸைக் கீழே வைக்கிறார், எந்தப் பீரியட் பெயருக்கு மட்டும் அட்டவணையில் இருக்கிறது என்பதெல்லாம். எங்கள் கல்லூரியில் இரண்டு ஷிப்ட். முதல் ஷிப்ட் எட்டரை முதல் ஒரு மணி வரை. இரண்டாவது ஒன்றரை முதல் ஆறு வரை. சயின்ஸ் பிள்ளைகளுக்கு மட்டும் லேப் இருப்பதால் முதல் ஷிப்டாக இருந்தாலும் மத்தியானம் தங்க வேண்டியிருக்கும். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

2. கேட்ட பெண்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம். அப்ளிகேஷன் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் முத்துலட்சுமி. அப்பாவுக்கு டிபென்ஸ் ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவள், "அண்ணே, எந்த டிபார்ட்மென்ட்ல சீக்கிரம் விடுவாங்க?" என்று கேட்டாள்.

எதற்கு என்று கேட்டேன். அவளுக்குச் சினிமா படிக்க வேண்டுமாம், எடிட்டிங். திரைப்படக் கல்லூரியில் போய் விசாரித்திருக்கிறாள். பெண்பிள்ளையைக் கையில் டிகிரி இல்லாமல் அந்தப் பக்கம் விடமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். சரி, அதற்கு எந்த டிகிரி படித்துவிட்டு வரட்டும் என்று அங்கே இருந்த ஒருவரிடமே கேட்டிருக்கிறாள்.

"எது படிச்சாலும் ஒண்ணுதான்னு சொல்லிட்டாரு அண்ணே. கை வேலை தெரிஞ்சிருந்தா நல்லதுன்னாரு. அப்ப எந்தப் பாடத்துல நேரம் மிஞ்சும்னு பாக்கறதுதானே சரி?"

அம்பத்தூர் ஓ.டி.யில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி மிக்ஸிங் செய்யும் கடை ஒன்று இருந்தது. நடத்தியவர் ஒரு அம்மா. தினமும் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை வந்தால் மெஷினைத் தொட விடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். இதை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றாள். ஆறு மணிக்கு மேல் வெளியே இருந்தால் அப்பா தேடி வந்துவிடுவாராம்.

அவ்வளவு தெளிவாக யோசித்து வந்த ஒரு பிள்ளையை நான் அதுவரை அந்தக் கவுன்டரில் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஹிஸ்டரிக்கு லேப் இல்லை, ரெக்கார்டு நோட்டு இல்லை, ஒரு மணி பெல்லுக்கு எல்லோரும் கேட்டைத் தாண்டியிருப்பார்கள். அங்கேயே நின்று படிவத்தில் முதல் விருப்பமாக பி.ஏ. ஹிஸ்டரி என்று எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பா தனியாக வந்தார். சண்டைக்கு வரவில்லை. "கெமிஸ்ட்ரில அம்புட்டு மார்க்கு வாங்கிட்டு ராசா கதை படிக்கப் போறாளாம். அந்தப் பாடம் அவ்வளவு நல்லதா தம்பி?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் ஆட்டிவிட்டுப் போனார்.

3. கதவோரம்

அட்மிஷன் இன்டர்வியூ நாளன்று பதினோரு மணி வாக்கில் முத்துலட்சுமியின் பெயரைக் கூப்பிட்டேன். அப்பாவும் மகளும் உள்ளே போனார்கள். அவளுடைய ஃபைலை பிரின்சிபால் மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அப்போது ஹிஸ்டரி துறைத் தலைவர் ஒரு கையெழுத்துக்காக அங்கே வந்து நின்றார். இந்த வருடத்திலிருந்து வீட்டுக்குப் போக ராத்திரி ஏழு மணி ஆகும் என்று சூப்பரின்டெண்டிடம் குறைபட்டுக்கொண்டார். புதுக் கட்டடத்துக்குத் தளம் போட்டு முடியவில்லை, வகுப்பறை போதவில்லை என்று ஹிஸ்டரியையும் எகனாமிக்ஸையும் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம். நான்கு நாளைக்கு முன்பே சர்க்குலர் வந்ததாம்.

அந்தச் சர்க்குலரை ஒவ்வொரு துறையாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியதே நான்தான். இங்கிலீஷில் இருந்தது. நான் எப்போதும் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும்தான் பார்ப்பேன்.

அறைக்குள் பிரின்சிபால் சிரித்துக்கொண்டே, இவ்வளவு மார்க் வைத்துக்கொண்டு ஹிஸ்டரி எதற்கு என்று கேட்பது கேட்டது. பிடிக்கும் சார் என்றாள் அவள். பிரின்சிபால் பேனா மூடியைத் திறந்தார். படிவத்தில் பாடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் டி.சி.யும் மார்க் ஷீட்டும் உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு பாடம் மாற்றுவதில்லை என்பது எங்கள் கல்லூரியில் சட்டம் மாதிரி. சொன்னால் அப்பாவின் முன்னால் அவளைக் காட்டிக்கொடுத்தது போல ஆகும். சொல்லாவிட்டால் மூன்று வருடம் மத்தியானம் போய்விடும். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"சார், ஹிஸ்டரி ரெண்டாவது ஷிப்ட் சார்."

எல்லோரும் திரும்பினார்கள். அந்த வாசலில் பெயர் கூப்பிடுவதைத் தவிர நான் பேசியதே இல்லை. அதற்கென்ன இப்போது என்று பிரின்சிபால் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு மத்தியானம் வேலை கீது சார்."

'கீது' என்று வாயில் வந்துவிட்டது. சூப்பரின்டெண்ட் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா மகளைப் பார்த்தார். "ஏளா, என்ன வேலை?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் ஒளிக்கவில்லை. மிக்ஸிங் கடை, அந்த அம்மா, இரண்டு மணி, ஐந்தரை மணி எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னாள். ஆறு மணிக்குள் வீட்டில் இருப்பேன் அப்பா என்று முடித்தாள். என்னைக் கோபமாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். என் பக்கமே திரும்பவில்லை.

அப்பா மேஜையில் இருந்த மார்க் ஷீட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, பிரின்சிபாலைக் கேட்காமல், கதவோரம் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, ஒரு மணிக்கு விடுத வேற பாடம் எது?"

"மேத்ஸ்ங்க. முதல் ஷிப்ட். லேப் கெடயாது. கடைசி பீரியட் லைப்ரரின்னு போட்டுகீறாங்க, அத்த யாரும் எடுக்கறதில்ல. பன்னெண்டு பத்துக்கே பூடலாம்."

பிரின்சிபால் பேனாவைக் கீழே வைத்தார். "யாரும் எடுக்கறதில்லையா?" என்றார். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

"கணக்குன்னா எனக்குச் சம்மதம் சார்," என்றார் அப்பா. "நாலு பேரு கேட்டா சொல்லிக்கிடலாம்."

முத்துலட்சுமி இப்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு அவ்வளவாக வராது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சரி சார் என்றாள். பிரின்சிபால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

4. பிறகு

மூன்று வருடமும் ஒரு மணி பெல்லுக்கு முதல் ஆளாக கேட்டைத் தாண்டியது அவள்தான். அரியர் வைத்தாள். ஒவ்வொரு முறை ரிசல்ட் வரும்போதும், "உங்களாலதான் அண்ணே, ஹிஸ்டரின்னா இந்நேரம் பாஸ்" என்று திட்டுவாள். நான் சிரிப்பேன். எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு டி.சி. வாங்க வந்தாள். திரைப்படக் கல்லூரியில் முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாவது தடவை எடிட்டிங் கிடைத்தது என்றாள். அப்பா சௌக்கியமா என்று கேட்டேன். மிக்ஸிங் கடை விடும் நேரத்துக்கு அவரே சைக்கிளில் வந்து வீட்டுக்குக் கூட்டிப் போவார் என்றாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் உண்டு. கையெழுத்து வாங்கப் போகும் தாளை ஒரு தடவை படித்துப் பாருங்கள், புரியாவிட்டால் யாரிடமாவது கேளுங்கள். உங்கள் வாயால் ஒருவருக்குத் தவறான தகவல் போயிருந்தால், கையெழுத்து விழுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். உளறினாலும் பரவாயில்லை.

இன்டர்வியூ நடந்த அன்று சாயங்காலம் வரை யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை, லைப்ரரி பீரியடுக்கும் அட்டென்டன்ஸ் எடுக்க வேண்டும் என்று மேத்ஸ் துறைக்கு உத்தரவு போனது. அந்தத் துறையில் யாரும் அன்று என்னோடு பேசவில்லை.